துடக்குக் காத்தவர்

எங்களைச் சவக்காலை கூட்ட விட்டார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வருமட்டும் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனால் நகரசபைக்குக் கைச்செலவுக் காசுக்குச் சருகு கூட்டலாம் என்று அதே சட்டத்தில் ஒரு வேலிப் பொட்டும் வைத்திருந்தார்கள். அந்தப் பொட்டால் புகுந்துதான் நானும் பரராசசிங்கண்ணையும் எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலம் முழுக்கச் செத்த ஜெர்மன்காரரின் தலைமாட்டில் நின்றோம். ஹனோவருக்கு வடக்கே சின்னப் பட்டினம் அது. மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மழை நாள் முழுக்கத் தூறும். நனைந்த சருகு வாரியில் ஒட்டிக்கொண்டு வராது. குனிந்து கையால்தான் அள்ள வேண்டும்.

அண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். சருகையும் அரிசி மூட்டை அடுக்குகிற மாதிரித்தான் குவிப்பார். ஒரு கல்லறைக்கும் அடுத்த கல்லறைக்கும் நடுவில் ஒரு இலை கிடக்க விடமாட்டார். "செத்தவை தானே அண்ணை, ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்று நான் பகிடி விட்டால் சிரிக்க மாட்டார். அந்த வருசம் ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் எந்தப் பகிடிக்கும் சிரித்ததில்லை.

அவரும் மனைவி கமலநாயகி அக்காவும் மகள் வைதேகியும் அதற்கு முந்தின வருசம் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து அகதி என்று கையைத் தூக்கியவர்கள். மூத்தவன் கதிர்காமநாதனை ஊரில் மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அவனுக்கு ஏ.எல். சோதினை இருந்தது. வரும்போது அக்கா ஒற்றைக்காலில் நின்றாராம், "கூட்டிக்கொண்டு போவம், சோதினை கிடக்கட்டும்" என்று. அண்ணைதான் கேட்கவில்லை. படித்த பிள்ளை, ஒரு பத்திரம் கையில் இருந்தால் போகிற இடத்தில் உதவும், எடுத்துப்போட்டு வரட்டும் என்றார். கணக்குப் பார்த்துப் பழகிய மனிதருக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டிருக்கும்.

ஆடியில் ஒரு நாள் நாங்கள் இருந்த அகதி விடுதியான கைமின் வாசல் போனுக்குப் பாரிசிலிருந்து சிதம்பரம் எடுத்தார். சிதம்பரம் அண்ணையின் சித்தப்பா மகன். நான் பக்கத்தில்தான் என் முறைக்காக நின்றேன். அண்ணை "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம் சிகரெட் கேட்டார். அவர் சிகரெட் குடிப்பவர் அல்ல. பிறகு சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். பருத்தித்துறையில் கடற்கரை றோட்டால் கதிர் சைக்கிளில் போகும்போது ஷெல் விழுந்ததாம். அன்றைக்கே எரித்தும் விட்டார்களாம்.

"நடேசன், இது உன்னோடை இருக்கோணும். கமலாவுக்குப் பிறஷர். அவள் தாங்க மாட்டாள்" என்றார்.

பிறஷர் உண்மைதான். மாசியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆனால் அவர் பயந்தது பிறஷருக்கு அல்ல. "கூட்டிக்கொண்டு போவமெண்டு நான் சொன்னனான்" என்று அக்கா ஒரு தரம் சொல்லிவிட்டால் பிறகு தான் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் நின்று அதையும் அவரே என்னிடம் சொன்னார். மகளுக்கு மட்டும் அந்தக் கிழமையே சொன்னார். மனைவியிடம் வாயே திறக்கவில்லை.

வாய்தான் திறக்கவில்லையே தவிர, மனிதர் செத்தவீட்டுத் துடக்குக் காத்தார். மகனுக்குத் தகப்பன் காக்க வேண்டிய முப்பத்தொரு நாளையும் பொய் சொல்லிச் சொல்லியே காத்தார். கைமில் கொடுக்கிற சாப்பாட்டுப் பொதியில் வருகிற கோழியைத் தள்ளி வைத்து, வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்றார். தாடியை வழிக்காமல் விட்டு, பிளேட்டுக்குத் தோல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நாரிப்பிடிப்பு என்று நிலத்தில் படுத்தார். கடைசி நாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றுக்குப் போய், சாறத்தோடு மூன்று முழுக்குப் போட்டார். கரையில் வாத்துக்குப் பாண் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் தலையைத் துவட்டி, வீட்டுக்கு வந்து முகம் வழித்து, அன்றிரவு கோழிக் கறி சாப்பிட்டார்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் ஒன்றும் தெரியாது என்று அண்ணை முடிவு கட்டினார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கதிரின் கதையை அக்கா எடுப்பதே குறைந்துபோயிருந்தது. பிள்ளை வருமட்டும் கண்ணூறு படக்கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறா என்றார் எதிரறை அன்ரனிற்றா அக்கா. ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம்.

தேவாலய மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு நாள் ஜெர்மன் மொழி, நாங்கள் சொல்கிற டொச், படிப்பித்தவர் லூப்பே ரீச்சர். மெக்சிக்கோக்காரி. ஜெர்மன் தச்சுத் தொழிலாளி ஒருவரைக் கட்டி வந்து இருபது வருசமாகியும் அவருடைய டொச்சில் அவருடைய ஊர் மணக்கும். அதனாலேயே எங்களுக்கு விளங்கும். வகுப்பில் ஈரான்காரன் பெஹ்சாட், போலந்துக்கார மரியா, எத்தியோப்பியப் பெண் ஒருத்தி, குர்திஸ்காரன் ஒருவன், வைதேகி, நான். ஒக்ரோபரில் ஒரு நாள் ரீச்சர் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு பீடம் கட்டுவோம் என்றார். தங்கள் ஊரில் அன்றைக்குச் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். படம் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செவ்வந்திப் பூவால் வாசலிலிருந்து வழி போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்களாம்.

"உங்கள் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள், டொச்சில்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் எல்லோரும் வாய் திறந்து டொச் பேசினார்கள். மரியா கல்லறையில் விளக்கு வைப்பதைச் சொன்னாள். பெஹ்சாட் நாற்பதாம் நாளைப் பற்றிச் சொன்னான். வைதேகி எழும்பி, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, படையல் எல்லாவற்றையும் தெரிந்த பத்துச் சொற்களில் சொன்னாள். "நாங்களும் சோறு வைப்போம். முதலில் செத்தவர். பிறகு நாங்கள்." ரீச்சர் அவளைக் கட்டிப்பிடித்தார். பதினேழு வயசுப் பிள்ளை, கட்டிப்பிடித்த கையை விலக்கவும் இல்லை, அழவும் இல்லை.

வரும் வழியில் என்னிடம் சொன்னாள். "நடேசண்ணை, நான் அண்ணான்ரை படம் வைக்கப் போறன். சோதினை அட்டைக்கு எடுத்ததிலை ஒண்டு என்னட்டைக் கிடக்கு. ரீச்சரின்ரை மனுசன் பெரிசாக்கித் தாறன் எண்டவர்."

"கொப்பாவைக் கேட்டனியோ?"

"கேட்டால் வேண்டாமெண்டுதான் சொல்லுவார்."

பூவுக்கு என்னைப் பிடித்தாள். சவக்காலையில் பெரிய பண்டிகை வரப்போகிறது என்று பழைய செவ்வந்திச் சாடிகளை எறிந்துகொண்டிருந்தார்கள். அரைவாசி இன்னும் நல்ல பூ. நான் செம்மஞ்சள் பூக்களாகப் பொறுக்கிச் சாக்கில் போடுவதை அண்ணை பார்த்துவிட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு மத்தியானம் வைதேகி சாப்பாடு கொண்டு வந்தபோது அவர் வாரியை மரத்தில் சாத்திவிட்டுக் கேட்டார்.

"என்ன பிள்ளை, கொண்ணைக்குப் படம் வைக்கப் போறியாம்?"

"ஓம் அப்பா."

"ஆரைக் கேட்டு?"

"ஆரைக் கேக்கோணும்? அண்ணைக்கு நாங்கள் ஒண்டுமே செய்யேல்லை. எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை."

"நான் செய்தனான்."

"நீங்கள் தனியச் செய்தனியள். ஆத்திலை போய் முழுகினியளாம். எனக்குக்கூடச் சொல்லேல்லை. நடேசண்ணை சொல்லித்தான் தெரியும். எனக்கும் அவர் அண்ணைதானே அப்பா?"

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாக்கைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"படத்துக்கு விளக்குக் கொளுத்தினால் முடிஞ்சுது, பிள்ளை. உயிரோடை இருக்கிறவைக்கு ஆரும் விளக்கு வைக்கிறதில்லை. பிறகு கொம்மா கேட்டால் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

"அம்மா எங்கை கேக்கிறா? ஒருத்தரும் கேக்கினமில்லை. நீங்களும் கதைக்கிறியளில்லை. அம்மாவும் கதைக்கிறா இல்லை. ஒரு அறைக்குள்ளை மூண்டு பேர், அண்ணை எண்டு ஒருத்தர் இருந்ததே இல்லை எண்ட மாதிரி. எனக்கு விசர் பிடிக்குது."

"மெல்லக் கதை."

"இஞ்சை ஆருக்குத் தமிழ் விளங்கப் போகுது? செத்த சனம்." அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கல்லறைப் படியில் வைத்தாள். "உங்களுக்கு அம்மாவின்ரை பிறஷருக்குப் பயமோ, வாய்க்குப் பயமோ?"

அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். "கொம்மாவை அங்கை கூட்டிக்கொண்டு போகக் கூடாது" என்றார் கடைசியில். "நானும் வரமாட்டன்." அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து சாப்பிடாமலே மூடினார்.

கதிருக்குக் கணவாய் என்றால் உயிர். பிறந்தது கடற்கரை. கணவாய்க் கறி இருக்கிற நாளில் அவனுக்குத் தாய் இரண்டு தரம் சோறு போட வேண்டுமாம். வைதேகி கிரேக்கனின் கடையில் ஐஸ் கணவாய் பார்த்து வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு போய் நான் குசினியில் வைத்தபோது தாயும் மகளும் அங்கே நின்றார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலை ஒரு விழா அம்மா. எல்லாரும் தங்கடை ஊர்ச் சாப்பாடு கொண்டு வரவேணுமாம். சோறும் கணவாய்க் கறியும் காய்ச்சித் தாறியளோ?"

"கணவாயோ? வெள்ளைக்காரர் தின்னுவினமோ?"

"தின்னுவினம்."

"ஆர் கணவாய் எண்டு சொன்னது? ரீச்சரோ?"

"இல்லை. நான்தான்."

அக்கா பொதியைப் பிரித்து, வெள்ளையாக விறைத்துக் கிடந்த கணவாயை விரலால் தட்டிப் பார்த்தார். "மையும் இல்லை, மணமும் இல்லை. இதைக் கணவாயெண்டு விக்கிறாங்கள்." பிறகு மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. காய்ச்சித் தாறன்" என்றார்.

ஞாயிறு விடிய முழுகிவிட்டு, குசினியில் வேறு ஆட்கள் வர முதல் காய்ச்சி முடித்துவிட்டார். நான் எழும்பி வரும்போது சட்டி துணியால் கட்டப்பட்டு வாசலில் இருந்தது.

பீடத்தைக் கட்டி முடிக்க மத்தியானம் கழிந்துவிட்டது. ரீச்சரின் புருசன் அடித்துத் தந்த பலகைப் படி மூன்று. அதன்மேல் வெள்ளைச் சீலை. மரியா கத்தரித்த கடதாசிப் பூ, பெஹ்சாட்டின் தம்பியின் படம், எத்தியோப்பியப் பெண்ணின் கோப்பிச் சட்டி. குர்திஸ்காரனிடம் படமே இல்லை. செத்தவரின் பெயரை ஒரு மட்டையில் எழுதி வைத்தான். எழுத்து நேராக வரவில்லை என்று மூன்று மட்டை கிழித்தான். வைதேகி கதிரின் படத்தை நடுப்படியில் வைத்தாள். சோதினைக்கு எடுத்த படம். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து, சிரிக்கக் கூடாது என்று யாரோ சொன்ன மாதிரி நிற்கிறான். நான் பூவைக் கிள்ளிக் கிள்ளி வாசலிலிருந்து வழி போட்டேன். சவக்காலையில் பொறுக்கின பூ இன்னொரு செத்த வீட்டுக்கு உதவுகிறது என்று நினைக்க ஒரு மாதிரியாக இருந்தது. வைதேகி சோற்றைப் போட்டுக் கறியை விட்டு, தண்ணீர் வைத்து, மெழுகுதிரி கொளுத்தினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

எல்லோரும் அவரவர் செத்தவரின் பெயரைச் சொன்னோம். பிறகு ரீச்சர், வாசனை அவர்களுக்கு, மிச்சம் எங்களுக்கு என்று சொல்லி எல்லோருக்கும் சாப்பாட்டுக் கோப்பை கொடுத்தார்.

அப்போதுதான் வாசலில் பரராசசிங்கண்ணை நின்றதைக் கண்டேன். வரமாட்டேன் என்றவர். சப்பாத்தெல்லாம் சேறு. எவ்வளவு நேரம் வெளியே நடந்தாரோ தெரியாது. பூவை மிதிக்காமல் ஓரத்தால் நடந்து வந்து, படத்துக்கு முன்னால் நின்று, மகனின் முகத்தைப் பார்த்தார். வைதேகி கோப்பையில் சோறும் கறியும் போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார்.

"உப்பில்லை" என்றார்.

"மறந்திருப்பா அப்பா."

"கொம்மாவோ? அவள் மறக்கிறவளோ?" இன்னொரு வாய் வைத்தார். கண் படத்தில் நின்றது. "ஊர்க் கணவாயிலை கடல் உப்பு இருக்கும். அதுக்குப் போடுற அளவுக்குத்தான் இதுக்கும் போட்டிருக்கிறாள். வாயிலை வைச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும். அவள் உப்புப் பாக்கேல்லை, பிள்ளை."

வைதேகிக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. எனக்கும்தான். எங்கள் பெண்கள் எந்தக் கறியையும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் இறக்க மாட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் பார்க்க மாட்டார்கள். செத்தவருக்குப் படைக்கிறதை முதலில் செத்தவர்தான் தொட வேண்டும்.

அண்ணை கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நடந்தார். நாங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம். தூறல் விடவில்லை. கைம் வரைக்கும் அவர் நடையைக் குறைக்கவில்லை.

அறைக்கதவு திறந்து கிடந்தது. அக்கா கட்டிலில் இல்லாமல் நிலத்தில், ஹீற்றருக்குப் பக்கத்துச் சுவரோடு இருந்தார். காலையில் முழுகின தலையைக் கட்டவே இல்லை. அண்ணை வாசலுக்குள் நின்றார். நான் சட்டியோடு வெளியே நின்றேன். போயிருக்க வேண்டும், போகவில்லை.

அக்கா அண்ணையைப் பார்க்கவில்லை. மகளைத்தான் கேட்டார்.

"பிள்ளைக்கு வைச்சனீயோ?"

வைதேகி தாயின் மடியில் விழுந்தாள். அந்தப் பிள்ளை ஆடியிலிருந்து அடக்கி வைத்த அழுகை அது. அக்கா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கமலா" என்றார் அண்ணை. "உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் கோழியைத் தள்ளி வைச்ச அண்டைக்கு. அடுத்த நாள் தாடியைக் கண்டன். நிலத்திலை பாயைப் போட்டியள். பிறகும் எனக்கு ஆர் சொல்லோணும்? ஆருக்கு எண்டதும் தெரியும். வேற ஆருக்கு நீங்கள் அப்பிடி இருப்பியள்?"

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் சொல்லிப்போடுவியள்."

எதிரறைக் கதவு திறந்து அன்ரனிற்றா அக்கா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் விளங்கிக்கொண்டு சேலைத் தலைப்பை வாயில் வைத்தார்.

அண்ணை வந்து நிலத்தில் இருந்தார், மனைவிக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி. "நான்தான் கமலா" என்றார். "சோதினை எண்டு நிண்டது நான்தான். சொல்லும். நீர் அண்டைக்குச் சொன்னதைச் சொல்லிப்போடும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரு வசனத்துக்காகக் காத்திருந்தார். பல மாதமாக ஓடி ஒளித்ததைத் தானே கூப்பிட்டுக் கேட்டார். அக்கா சொல்லவில்லை. எழும்பி வந்து என் கையிலிருந்த சட்டியை வாங்கினார். மூடியைத் திறந்து, அடியில் கிடந்த கறியை விரலால் தொட்டு வாயில் வைத்தார்.

"உப்புக் காணாது" என்றார். கழுவக் கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு கைமில் இருந்த தமிழரெல்லாம் ஒவ்வொருவராக வந்து அந்த நடைபாதையில் இருந்தோம். அன்ரனிற்றா அக்கா தேத்தண்ணி ஊற்றினார். என்ன கொண்டாட்டம் என்று கேட்க வந்த காவலாளியை நான் படியில் மறித்து, எனக்குத் தெரிந்த டொச்சில் சொல்லி அனுப்பினேன். அக்கா அழவில்லை. அழுதால் நல்லது, அழ வையுங்கோ என்று பெண்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள்.

அடுத்த நாள் சாப்பாட்டுப் பொதி வந்தது. கீழே மேசையில் வரிசையாக நின்று வாங்கினோம். அக்கா தன் பொதியைப் பிரித்து, கோழியை எடுத்துத் திருப்பி மேசையில் வைத்தார். சீஸ், பாண், அப்பிளை மட்டும் எடுத்தார். பின்னால் நின்ற அண்ணை அதைப் பார்த்தார். அவரும் தன்னுடைய கோழியை எடுத்துத் திருப்பி வைக்கக் கையை நீட்டினார். தாடி வழிக்காத முகம், ஒரு நாள் தாடி.

அக்கா அவருடைய கையைப் பிடித்துக் கோழியை அவருடைய பொதிக்குள்ளேயே வைத்தார். கோபமாக அல்ல. பொதியின் வாயை மடித்தும் விட்டார்.

"நீங்கள் உங்கடையைத் தனியச் செய்து முடிச்சிட்டியள்" என்றார். "சாப்பிடுங்கோ."